விரலுக்கு ஒரு வேலை போதும்

நான் வேலை செய்யும் இரும்புக்கடையின் பின்சுவர் முழுக்கத் துப்பாக்கிகள். முன்னால் ஆணி, குழாய், பெயிண்ட், எலிப்பொறி. செப்டம்பர் பிறந்துவிட்டால் முன்பக்கத்தில் ஈ ஓட்ட வேண்டியதுதான். பின்பக்கம் ஆண்கள் முண்டியடிப்பார்கள். அக்டோபரில் பெசன்ட் என்னும் காட்டுக்கோழி வேட்டை தொடங்குகிறது. பதினோரு மாதம் துப்பாக்கியின் நினைப்பே இல்லாதவனுக்கும் அப்போதுதான் புதிதாக ஒன்று வேண்டும். ஒருவன் மரக்கட்டையின் ரேகையைத் தடவிக்கொண்டே அரைமணி நிற்பான். இன்னொருவன் கூரையில் சுற்றும் விசிறியைக் குறிபார்த்துக்கொண்டு மேசைமேல் இருக்கும் ஆணி டப்பாவை முழங்கையால் தட்டிவிடுவான். குனிந்து பொறுக்குவது நான்.

இந்த மேசைக்குப் பின்னால் நிற்பதற்கு முன் நானும் வான்கோழி வெட்டும் ஆலையில்தான் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் ஊரில் பெண்கள் நிற்பதற்கு இருக்கிற இடங்கள் இவ்வளவுதான். இரண்டில் எது தேவலை என்று கேட்டால், இங்கே குளிராது, அதற்குமேல் பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

ட்வைலா ஒரு வியாழக்கிழமை மத்தியானம், ஆலையில் முதல் ஷிப்ட் முடிந்து நேராக வந்தாள். உடம்பெல்லாம் ப்ளீச்சிங் நெடி. உப்பு மூட்டைகள் அடுக்கியிருந்த பலகையில் கேட்காமலே உட்கார்ந்துகொண்டாள். எங்கே போனாலும் முதலில் உட்கார இடம் தேடுவது ஆலைக்காரிகளின் வழக்கம். கடையில் அப்போது யாரும் இல்லை.

"ரெனே, எனக்கு ஒரு பம்ப் துப்பாக்கி வேணும்," என்றாள்.

"யாருக்கு?"

"எனக்குத்தான்டி. என்ன, எனக்கு வேணும்னா விக்க மாட்டியா?"

"உனக்கு எதுக்குப் புதுசு? உன் புருஷன் வெச்சிருந்தானே ஒண்ணு."

"அதை அவன் படுக்கையில விழுந்த வருஷமே வித்தாச்சு. அது எனக்கு நீளம் வேற. எனக்குன்னு ஒண்ணு எடு."

அவளுக்கென்று ஒன்று என்பது சாதாரண விஷயமில்லை. ட்வைலாவை எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து தெரியும். அவளுக்கென்று இருந்த பொருள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பிறந்தது ஊருக்கு வடக்கே, ஜேம்ஸ் ஆற்றை ஒட்டிய பண்ணையில். மூத்தவள் அவள், இளையவன் ஓர்லின். நிலம் ஓர்லினுக்குப் போயிற்று. எங்கள் பக்கத்தில் டிராக்டர் ஓட்டுகிற பிள்ளைக்கு நிலம், கட்டிக்கொண்டு போகிற பெண்ணுக்குப் பீங்கான் தட்டு செட்டு. அவளும்தான் டிராக்டர் ஓட்டினாள். அது யார் கணக்கிலும் சேரவில்லை. பண்ணையிலிருந்து அவள் கையோடு கொண்டுவந்தது ஒரே ஒரு உரிமை: வேட்டை தொடங்கும் முதல் நாள், ஓர்லினின் நிலத்தில் உறவும் அக்கம்பக்கமும் பறவைகளைக் கிளப்பியபடி வரிசைகட்டி நடக்கும்போது, ஓர்லினுக்கு வலப்பக்கம் அடுத்த இடம் அவளுடையது. யாரும் எழுதிவைக்கவில்லை. ஆனால் அந்த இடத்தில் வேறு யாரும் போய் நிற்க மாட்டார்கள்.

அவள் பெரிய சுடுகாரி ஒன்றும் இல்லை. வருடத்துக்கு ஒரு பெசன்ட் சேவல், மிஞ்சினால் இரண்டு. சோளக்காட்டுக்குள் நடக்கும் அந்த நாலைந்து மணி நேரம் என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை, அதற்காகவே வருகிறேன் என்று என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். வீட்டில் அவள் புருஷன் கேலன் பக்கவாதத்தில் கிடக்கிறான். அவனுடைய மருத்துவக் காப்பீடு இவளுடைய ஆலை வேலையில் தொங்குகிறது. அவளை யாராவது எதையாவது கேட்காத நேரமே கிடையாது.

முதலில் ஒரு தானியங்கித் துப்பாக்கியைத்தான் எடுத்து வைத்தேன். "இதைப் பார். பம்ப் மாதிரி ஒவ்வொரு தடவையும் முன்கட்டையை இழுக்கவும் வேணாம், தள்ளவும் வேணாம். தோள்லயும் அவ்வளவா இடிக்காது. நம்ம வயசுக்கு இதுதான்."

அவள் கையால்கூடத் தொடவில்லை. "அது வேணாம். ஒண்ணு வெடிச்சதும் அடுத்த தோட்டா தானா வந்து உக்காந்துக்கும். நான் இழுத்தாத்தான் வரணும் எனக்கு."

"சரி, பம்ப்னா குழல் பன்னெண்டா, இருபதா?"

"இருபது. பெரிய குழல் பன்னெண்டைத் தூக்கிக்கிட்டு நாள் பூரா யார் நடக்கிறது. பின்கட்டை குட்டையா இருக்கணும். எனக்குக் கை எவ்வளவுன்னு உனக்குத்தான் தெரியுமே."

சுவரிலிருந்து மூன்று துப்பாக்கிகளை இறக்கினேன். ஒவ்வொன்றையும் திறந்து காலி என்று அவளுக்குக் காட்டிவிட்டு மேசைமேல் வைத்தேன். ஆண்கள் துப்பாக்கியை எடுத்தால் தோளில் வைத்துக் கண்ணைச் சுருக்குவார்கள். அவள் அதைச் செய்யவில்லை. இடுப்போடு அணைத்துப் பிடித்து, விசையை அழுத்தினாள். டக் என்றது. அழுத்திய விசையை விடாமலே முன்கட்டையைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளினாள். தலையைச் சாய்த்து எதையோ காதுகொடுத்துக் கேட்டாள். மறுபடி அதே மாதிரி. அடுத்த துப்பாக்கியிலும் அதே. மூன்றாவதிலும் அதே.

"என்ன கேக்குற?"

"தள்ளும்போது சுத்தியல் விழுதான்னு."

"விழாதுடி. இப்ப வர்றது எதுலயும் விழாது. விசையை விட்டுட்டு மறுபடி அழுத்தினாத்தான் வெடிக்கும். பழைய காலத்துத் துப்பாக்கியிலதான் விசையைப் பிடிச்சுக்கிட்டே தள்ளினா தள்ளத் தள்ள வெடிக்கும்."

"தெரியும். இருந்தாலும் என் காதால கேட்டுக்கிறேன்."

மூன்றாவது துப்பாக்கியைக் கீழே வைக்கப் போனவள் வைக்கவில்லை. குழலைச் சுவர்ப் பக்கம் திருப்பி இடுப்பில் முட்டுக்கொடுத்தபடி, இடது கையைக் கொண்டுவந்து, வலது கையின் ஆள்காட்டி விரலைப் பிடித்து மெதுவாக விசையிலிருந்து நிமிர்த்தி எடுத்தாள். விரல் நேரானபோது முட்டியில் ஏதோ தெறித்தது. அவள் முகம் ஒரு கணம் சுண்டிப்போய், பிறகு சரியாயிற்று.

ஆலையில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எலும்பெடுக்கும் மேசையில் கத்தியை அந்த விரலால்தான் அழுத்திப் பிடிக்க வேண்டும். இடது கையில் இரும்பு வலைக் கையுறை, வலது கையில் கத்தி, கீழே ஈரம், மேலே குளிர்காற்று. பெல்ட் வந்துகொண்டே இருக்கும். மூக்கு அரித்தாலும், ஒன்றுக்கு வந்தாலும், கத்தி மழுங்கினாலும் வந்துகொண்டே இருக்கும். ஒரு நாள் எனக்கும் பர்மாக்காரி ஒருத்திக்கும் நடுவில் நின்ற பெண் மயங்கி விழுந்தாள். அவளை ஓரமாக இழுத்துக் கிடத்தினார்கள். அவள் பங்கு வான்கோழிகளை நாங்கள் இருவரும் பிரித்துக்கொண்டு வெட்டினோம். அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் நான் விலகிவிட்டேன். ட்வைலாவால் விலக முடியவில்லை.

"எவ்வளவு நாளா இப்படி?" என்று கேட்டேன்.

"காலையில எழுந்திரிக்கும்போது மடங்கித்தான் கிடக்கும். சுடுதண்ணியில முக்குவேன். வேலை ஆரம்பிச்சா சரியாயிடும். இறுக்கிப் பிடிச்சா மாட்டிக்கும்."

"ஆலை நர்ஸ்கிட்டக் காமிச்சியா?"

"காமிச்சா? மாத்திரை குடுப்பா, பிளாஸ்திரி சுத்துவா. ரெண்டாவது தடவை போனா பெட்டி மடிக்கிற இடத்துக்கு மாத்துவாங்க. அதுல காப்பீடு பாதிதான். கேலனைப் பாதி பாத்துக்கச் சொல்லவா?"

அப்போதுதான் எனக்குப் போன வருடத்து விஷயம் விளங்கியது. ஊரில் அது எல்லோருக்கும் தெரிந்த கதை. முதல் நாள் வேட்டையில் ட்வைலா ஒரு சேவலைச் சுட்டாள். சேவல் விழுந்தது. அடுத்த நொடி, குழல் தாழ்ந்துகொண்டிருக்கும்போதே இன்னொரு வெடி. ரவை முழுக்க ஓர்லினின் காலடிக்கு முன்னால் மண்ணைக் கிளப்பியது. அவனுடைய கால்சட்டையில் முழங்கால்வரை புழுதி. நாய் ஊளையிட்டுக்கொண்டு ஓடிவிட்டது. ஓர்லின் திட்டவில்லை. வந்து அவள் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கிக்கொண்டு, "நீ கொட்டகைக்குப் போய்ப் பறவைங்களைச் சுத்தம் பண்ணு ட்வைலா, உனக்குத்தான் கத்தி ஓடும்" என்றான். அவளும் போனாள். அதன்பிறகு அந்த சீசன் முழுக்க, மினியாபொலிஸ் நகரத்திலிருந்து காசு கொடுத்துச் சுட வருகிறவர்களின் பறவைகளையும் அவளே உரித்தாள். வாரம் ஐந்து நாள் ஆலையில் வான்கோழி, சனிக்கிழமை தம்பி கொட்டகையில் பெசன்ட். மண்ணைச் சுட்ட ட்வைலா என்று பேர் வேறு.

"அது உன் தம்பியோட பழைய பம்ப்தானே?"

"ஆமா. வருஷா வருஷம் அதைத்தான் குடுப்பான். முதல் சேவலைச் சுட்டேன், விரல் மாட்டிக்கிச்சு. மாட்டினது எனக்கே தெரியறதுக்குள்ள கை பழக்கத்துல இழுத்துத் தள்ளிடுச்சு. தள்ளினதும் வெடிச்சிடுச்சு. ஓர்லின் செத்திருப்பான் ரெனே."

"அவன்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா வரிசையில வர்ற லைலுக்குத் தெரியும். லைலுக்குத் தெரிஞ்சா அவன் பொண்டாட்டிக்குத் தெரியும். அவ ஆலை ஆபீஸ்ல உக்காந்திருக்கா."

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை. எல்லார்மேலும்தான். துப்பாக்கிகளை எடுத்துச் சுவரில் திரும்ப மாட்ட ஆரம்பித்தேன்.

"என்ன பண்ற?"

"இந்த விரலை வெச்சுக்கிட்டு நீ துப்பாக்கி தூக்க வேணாம்."

"இதே விரலை வெச்சுக்கிட்டு கத்தி பிடிக்கலாம், அதுக்கு யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டீங்க. ஒரு நாள், ஒரே ஒரு நாள் நடக்கணும்னு கேக்குறேன். அதுக்கு மட்டும் எல்லாரும் டாக்டராயிடுறீங்க."

அவள் கத்தவில்லை. உப்பு மூட்டைமேல் உட்கார்ந்தபடி, தரையைப் பார்த்துச் சொன்னாள். ஷிப்ட் முடிந்த உடம்பில் கத்துவதற்குத் தெம்பு ஏது. நான் மறுபடி துப்பாக்கிகளை இறக்கினேன்.

அதன்பிறகு சரியாக ஒருமணி நேரம் நாங்கள் தேர்ந்தெடுத்தோம். என் வாழ்க்கையில் யாருக்கும் நான் அவ்வளவு கவனமாகத் துப்பாக்கி விற்றதில்லை. ஒன்றில், தவறி வெடிக்காமல் தடுக்கும் பூட்டு விசைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதைத் தள்ள ஆள்காட்டி விரல்தான் வேண்டும். அது வேண்டாம் என்று ஒதுக்கினாள். இன்னொன்றில் முன்கட்டையை விடுவிக்கும் பொத்தான் விசைக்கூட்டுக்கு முன்னால். அதற்கும் அதே விரலை நீட்ட வேண்டும். அதுவும் ஒதுங்கியது. கடைசியாக மிஞ்சியது கறுப்புப் பிளாஸ்டிக் கட்டையோடு அழகே இல்லாத ஒன்று. ஆண்கள் அதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அதில் பூட்டு மேலே, கட்டைவிரலுக்கு எட்டும். பொத்தான் விசைக்குப் பின்னால், நடுவிரலுக்கு எட்டும்.

"இது," என்றாள் ட்வைலா. "இதுல அந்த விரலுக்கு ஒரு வேலைதான். அதையாவது ஒழுங்கா பண்ணட்டும்."

முன்கட்டையைப் பின்னால் இழுத்து அப்படியே விட்டுவிட்டு, துப்பாக்கியைத் தூரத்தில் மேசைமேல் வைத்து, கடைக்கோடிவரை நடந்துபோய்த் திரும்பிப் பார்த்தாள். "திறந்திருக்கிறது இங்கேருந்தே தெரியுது. அது நல்லது. சுட்டதும் திறந்து வெச்சுட்டா தூரத்துல நிக்கிறவனுக்கும் பயமில்ல."

காகிதமெல்லாம் எழுதி முடிந்தபிறகு நான் ஒன்று சொன்னேன். "முதல் நாள் காலையில ஓர்லின்கிட்ட விரலைக் காமிக்கணும். இல்லேன்னா நான் காமிப்பேன். நானும் அந்த வரிசையில நடக்கிறவதான், என் காலும் அங்கதான் இருக்கு."

அவள் ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தாள். "சரிடி," என்றாள் கடைசியில். "மறைச்சு மறைச்சும் அலுத்துப்போச்சு."

முதல் நாள் காலை ஓர்லினின் டிராக்டர் கொட்டகையில் எல்லோரும் கூடியிருந்தோம். பத்து மணிக்கு முன்னால் சுடக்கூடாது என்பது சட்டம். அதனால் காப்பியும், கூகன் கேக்கும், பழைய கதைகளும். எல்லோர் தலையிலும் ஆரஞ்சுத் தொப்பி. நாய்கள் பெட்டிக்குள் கிடந்து குரைத்தன. கதவோரம் நீள மேசையில் ஓர்லின் முன்கூட்டியே எல்லாம் எடுத்து வைத்திருந்தான்: பிளாஸ்டிக் தொட்டி, தண்ணீர்க் குழாய், ரப்பர் ஏப்ரன், ட்வைலாவுக்குப் பிடித்தமான மெல்லிய கத்தி. சேவலைத்தான் சுடலாம் என்பதால், சுத்தம் செய்த பறவை சேவல்தான் என்று வன அலுவலருக்குக் காட்ட ஒரு காலை விட்டுவைக்க வேண்டும். அந்தக் கால்களைக் கட்டும் நூல்கண்டுகூட இருந்தது.

ட்வைலா உள்ளே வந்து, துப்பாக்கி உறையைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

லைல் பக்கத்துப் பண்ணைக்காரன். வாயை மூடத் தெரியாதவன். "வாங்க வாங்க. ஓர்லின், மண்ணுக்கு இந்த வருஷம் லைசென்ஸ் வாங்கியாச்சா?" என்றான். நாலு பேர் சிரித்தார்கள்.

ஓர்லின் சிரிக்கவில்லை. "என்ன ட்வைலா இது?"

"நடக்க வந்திருக்கேன்."

"வேணாம். அதைப் பத்தி நான் பேச விரும்பலை. நீயும் பேசாத."

"நான் பேசித்தான் ஆகணும். அந்தப் பழைய பம்ப்பை எடு. காலியான்னு பாரு. விசையை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, விடாம இழுத்துத் தள்ளு."

ஓர்லின் எடுத்தான். திறந்து பார்த்தான். கூரையை நோக்கிப் பிடித்து விசையை அழுத்தியபடி தள்ளினான். தள்ளத் தள்ள ஒவ்வொரு தடவையும் டக், டக் என்று சுத்தியல் விழுந்தது.

"இது இப்படித்தான்னு எனக்குத் தெரியாதா? உனக்கும் தெரியும். விசையை விட்டுட்டுத்தானே தள்ளணும். சின்னப் பிள்ளையிலேருந்து அப்படித்தானே பண்ற."

"விட முடியலை," என்றாள் ட்வைலா. வலது கையைத் தூக்கி, எல்லோருக்கும் தெரியும்படி ஆள்காட்டி விரலை இறுக்கி மடக்கினாள். மற்ற விரல்களை விரித்தாள். அது மட்டும் மடங்கியே இருந்தது. "இதோ. நான் நிமிர்த்தச் சொல்றேன். நிமிர மாட்டேங்குது."

 லைல் காப்பிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். ட்வைலா அவன் பக்கம் திரும்பி, "நீ உன் பொண்டாட்டிகிட்ட சொல்லிக்க லைல். நானே திங்கக்கிழமை போய்ச் சொல்லப் போறேன்," என்றாள்.

"நான் ஏன் சொல்றேன்," என்று முனகினான் லைல்.

ஓர்லின் அக்காவின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். அந்த விரலைத் தொட்டுப் பார்த்தான், நிமிர்த்தத் தைரியம் வரவில்லை. பிறகு அவன் கண் மேசைமேல் இருந்த தொட்டிக்கும் கத்திக்கும் போனது. கழுத்துவரை சிவந்துவிட்டான்.

"போன வருஷமும் இப்படித்தான் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்ப நான் சீசன் முழுக்க உன்னை..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். "ஏன் சொல்லலை நீ?" என்றான்.

"நீ கேக்கலையே. கத்தியைத்தானே குடுத்த."

அவன் அந்தப் புதுத் துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்தான். ட்வைலா கடையில் செய்ததையெல்லாம் தானும் செய்தான். விசையை அழுத்தியபடியே தள்ளினான், காது கொடுத்தான், ஒன்றும் விழவில்லை. நம்பாமல் பல தடவை தள்ளினான். பூட்டைத் தள்ளிப் பார்த்தான். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் அவன் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் செய்திருப்பேன். பறவைகள் ஓடித் தப்பாமல் காட்டின் மறுமுனையில் மறித்து நிற்கப் போகிறவர்களில் அவனுடைய மகளும் ஒருத்தி.

"ஒரு தோட்டாதான் போடணும்," என்றான் ஓர்லின். "ரெண்டாவது கிடையாது. சுட்டா உடனே திறந்து வெச்சிடணும், எனக்குத் தெரியற மாதிரி."

"ஒண்ணு போதும்."

"பழைய இடத்துலயே வா. என் பக்கத்துல."

லைலுக்கு அப்போதும் ஒரு கவலை பாக்கி இருந்தது. "அப்ப பறவையெல்லாம் யாரு சுத்தம் பண்றது?"

"அவனவன் சுட்டதை அவனவனே உரிச்சுக்கட்டும்," என்றான் ஓர்லின். ஏப்ரனை எடுத்து லைலின் தோளில் போட்டான்.

பத்து மணிக்குச் சோளக்காட்டில் இறங்கினோம். ஓர்லின், அவனுக்கு வலப்பக்கம் ட்வைலா, அவளுக்கடுத்து நான், அப்புறம் லைலும் மற்றவர்களும், இரண்டு ஆள் நீள இடைவெளியைவிடத் தாராளமாகவே விட்டு. மறுமுனையில் நாலு பேர் மறித்து நின்றார்கள். காய்ந்த தாள்கள் இடுப்பில் உரசிச் சத்தம் போட்டன. தரை இளகிக் கிடந்ததால் ஒவ்வொரு காலடியும் கனத்தது. ட்வைலா தலையைக் குனிந்து மெதுவாக நடந்தாள். ஓர்லின் தன் நடையை அவளுக்காகக் குறைத்துக்கொண்டதும், அதனால் வரிசை முழுக்க மெதுவானதும் எனக்குத் தெரிந்தது. பெட்டைகள் சில எழும்பின. "பெட்டை, பெட்டை" என்று குரல்கள் போயின. யாரும் சுடவில்லை.

பாதிக் காடு தாண்டியபோது ட்வைலாவின் காலடியிலிருந்து ஒரு சேவல் கொக்கரித்துக்கொண்டு மேலே கிளம்பியது. வேறு யாரும் துப்பாக்கியைத் தூக்கவில்லை, அது அவளுடையது. அவள் தோளுக்குக் கொண்டுபோனாள், குழலுக்குக் கீழே வானம் தெரியும்வரை பொறுத்தாள், சுட்டாள். சேவல் மடங்கி விழுந்தது. உடனே முன்கட்டையைப் பின்னால் இழுத்துத் திறந்து வைத்தாள். காலித் தோட்டா மண்ணில் விழுந்தது. குழலை வானத்தைப் பார்த்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பறவை விழுந்தால் அது கிடைக்கும்வரை வரிசை நிற்க வேண்டும். நின்றோம். ஓர்லினின் நாய் சேவலைக் கவ்விக்கொண்டு வந்து அவன் கையில் கொடுத்தது. இனி விசில் அடிப்பான், நடக்கலாம். அடிக்கவில்லை. அவன் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

விரல் விசையில் மாட்டியிருந்தது. அவள் துப்பாக்கியை இடுப்பில் முட்டுக்கொடுத்து, இடது கையால் விரலைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. குளிரில் அது இன்னும் இறுகிப்போயிருந்தது. நான் ஒரு அடி எடுத்து வைத்தேன். தலையை ஆட்டி வேண்டாம் என்றாள்.

நிற்க நிற்கப் பெசன்ட்கள் காலால் ஓடித் தப்பிவிடும். வேட்டைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எங்களுக்கு வெகுதூரம் முன்னால், யாருக்கும் எட்டாத இடத்தில், சேவல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பி ஆற்றுப் பக்கம் பறந்தன. வருடம் முழுக்கக் காத்திருந்த வேட்டை கண்ணெதிரே காலியாகிக்கொண்டிருந்தது.

"ஓர்லின், எல்லாம் போகுதுப்பா," என்றான் லைல். "போலாமா?"

"ட்வைலா சொல்லட்டும்," என்றான் ஓர்லின்.

 லைல் துப்பாக்கியை முழங்கை மடிப்பில் சாய்த்துக்கொண்டு, மூக்கைச் சிந்தினான். வரிசையில் மற்றவர்களும் அப்படியே நின்றார்கள். ஒருவர் புகையிலையை எடுத்து வாயில் அடக்கினார். ஓர்லின் சேவலைத் தன் பையில் போட்டுக்கொள்ளாமல், அவளிடம் கொடுப்பதற்காகக் கையிலேயே வைத்திருந்தான்.

விரல் தெறித்து நிமிர்ந்தது எனக்குக் கேட்டது. ஓர்லின் பக்கம் நாய் மூச்சிரைத்துக்கொண்டிருந்தது, அதனால் எனக்கு மட்டும்தான் கேட்டது. ட்வைலா போகலாம் என்று சொல்லவில்லை. நிமிர்ந்த விரலை இடது கைக்குள் பொத்திவைத்துக்கொண்டு, கண்ணை மூடி, இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். நாங்களும் நின்றோம்.